கான்பரா: பள்ளத்தாக்கும் குன்றும்

வடக்கே வாழும் நம்மவர்களுக்கு மூடுபனியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி பிறந்தது முதல் தை முடியும் வரையில் காலை நேரத்தில் எதிர்வீட்டுத் திண்ணைகூடக் கண்ணுக்குப் புலப்படாது. ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கோ அது வெறும் குளிர் அன்று. கணக்கிலும் புத்தகத்திலும் வந்து உட்காரும் ஒரு விருந்தாளி. எந்த வண்டி எத்தனை மணி தாமதம் என்று எழுதி எழுதியே நமது பேனா தேய்ந்துவிட்டது. சிக்னல் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். பச்சை பச்சையாகவும் சிவப்பு சிவப்பாகவும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். ஆனால் எஞ்சின் டிரைவரின் கண்ணுக்கு அது எட்டாது. அதனால்தான் சிக்னலுக்கு 270 மீட்டர் முன்பாகத் தண்டவாளத்தின் மேல் வெடிகளை வைக்கிறார்கள். சக்கரம் ஏறியதும் வெடிக்கும் ஓசையைக் கேட்டு, சிக்னல் நெருங்கிவிட்டது என்று டிரைவர் அறிந்துகொள்வார். கண் தோற்ற இடத்தில் காது கைகொடுக்கும் ஏற்பாடு அது.

ஒளியை நம்பிச் செய்தி அனுப்புவதில் உள்ள சிறப்பும் தொல்லையும் நமக்கு இவ்வாறு தொழில் வழியே பழக்கமானவை. ஆயினும், சந்திரனுக்குச் செல்லும் மனிதர்களோடு ஒளியினாலேயே பேசப்போகிறார்கள் என்றும், அந்த ஒளியைப் பெறும் இடம் ஒன்றை நம் கண்ணாலேயே பார்க்கப்போகிறோம் என்றும் யாரேனும் சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். 2025 ஜனவரியில் அந்த வாய்ப்புக் கிட்டியது. சங்கத்து அன்பர்கள் கேட்டுக்கொண்டபடி அதனை இங்கே எழுதுகிறோம்.

பிரயாணத்தின் காரணம்

நமது தங்கை ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய கான்பராவில் வாழ்கிறாள். மைத்துனருக்கு அங்கே கணினி உத்தியோகம். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள். பேத்தியை மடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நம் தாயாரின் நெடுநாள் ஆசை. டிக்கெட்டுச் செலவை மைத்துனர் ஏற்றுக்கொண்டார். இலாகா அனுமதியும் விடுமுறையும் கிடைத்தன. தாயாரை அழைத்துச் சென்று விட்டுவிட்டு, நாம் மூன்று வாரத்தில் திரும்புவது என்று ஏற்பாடு.

இதற்குப் பின்னால் வேறொரு காரணமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2019 டிசம்பரில் நம் தந்தையார் ஊரில் காலமானார். செய்தி வந்ததும் நாம் ஜான்சி நிலையத்துக்கு ஓடினோம். டில்லியிலிருந்து வர வேண்டிய வண்டி மூடுபனியில் சிக்கிப் பதினொரு மணி நேரம் கழித்து வந்தது. திருநெல்வேலிச் சீமையில் நாம் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. தங்கைக்கோ கடல் கடந்து வர வழியே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து, நடப்பதை அவளுக்குக் காட்டினானாம். தந்தையின் முகத்தை மூடும் வேளையில் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடியும் படம் ஓடத் தொடங்கியபோது வாசல் வெறுமையாக இருந்ததாம். இதைத் தங்கை நம்மிடம் சொன்னது ஒரே ஒரு முறை. அதற்குப் பின் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நாமும் எடுக்கவில்லை. ஒருவர் வண்டியில் தாமதித்தோம், மற்றவர் கம்பியில் தாமதித்தார். இருவரும் ஒரே கணத்தைத் தவறவிட்டோம்.

தந்தையார் தென்காசிப் பாதையில் மீட்டர் கேஜ் காலத்தில் லாம்ப்மேனாக இருந்தவர். மாலையில் மண்ணெண்ணெய் விளக்குகளைத் துடைத்துத் திரி கத்தரித்து, கைகாட்டி மரத்தில் ஏறி மாட்டிவிட்டு இறங்குவார். இறங்கியதும் நேரே வீட்டுக்கு வரமாட்டார். தண்டவாளத்தின் ஓரமாக வெகு தூரம் நடந்துபோய், திரும்பி நின்று, விளக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே வருவார். சிறு வயதில் அவரோடு நாமும் நடந்ததுண்டு. “ஏற்றி வைத்தால் மட்டும் போதாது, வருகிறவனுக்குத் தெரிய வேண்டும்” என்பார்.

நிலம் மாறியது

டில்லியில் விமானமும் பனியினால் நான்கு மணி தாமதித்தே கிளம்பியது. தாயார் சிரித்தார்: “உன் வேலை உன்னை விடமாட்டேன் என்கிறது, ஐயா.” சிட்னியில் இறங்கியபோது அங்கே நடுக்கோடை. வெயில் நம் ஊர்ச் சித்திரையை நினைவூட்டியது.

சிட்னியிலிருந்து கான்பராவுக்கு மோட்டாரில் மூன்று மணியில் போய்விடலாம். நாமோ ரயிலிலேயே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். ரயில்வேக்காரன் வேறு நாட்டுக்குப் போய் அந்நாட்டு ரயிலில் ஏறாமல் திரும்பினால் அது பாவம் அல்லவா? நம்முடைய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், அங்குள்ளது 1,435. சில பெட்டிகளே கொண்ட டீசல் வண்டி. கோல்பர்ன், பங்கன்டோர், குவின்பியன் என்ற ஊர்களைத் தாண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சென்றது. வழியெல்லாம் பழுப்பேறிய புல்வெளிகள், ஆட்டு மந்தைகள், வெள்ளை அடிமரத்து யூகலிப்டஸ். தலைநகரின் ரயில் நிலையம் நம் பக்கத்துத் தாலுகா நிலையத்தைவிடச் சிறியது என்றால் அன்பர்கள் நம்பமாட்டார்கள்.

வீட்டில் பேத்தி, கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். தொலைபேசித் திரையில் ஆச்சியின் முகம் வந்தாலே ஓடி ஒளிகிற குழந்தை அவள். ஆச்சி தமிழில் ஒன்று கேட்பார், ஓசை போய்ச் சேருவதற்குள் குழந்தையின் கவனம் வேறெங்கோ போய்விடும், இவள் ஆங்கிலத்தில் ஒன்று சொல்லுவாள், ஆச்சிக்குப் புரியாது. நேரில் வந்த பின்பும் முதல் இரண்டு நாள் அப்படியே. தாயார் வற்புறுத்தவில்லை. காலையில் வாசற்படியில் உட்கார்ந்து ஒரே ஒரு பொருளைக் காட்டி அதன் பெயரைச் சொல்வார், அவ்வளவுதான். பதிலை எதிர்பார்க்காதவர்போல எழுந்து உள்ளே போய்விடுவார்.

பள்ளத்தாக்கில்

முதல் சனிக்கிழமை மைத்துனர் நம்மை நகரின் தெற்கே நமாஜி என்ற தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். சுமார் ஒரு மணி நேரப் பிரயாணம். அப்பல்லோ சாலை என்று பெயர்ப்பலகை வந்தது. அதன் முடிவில் ஹனிசக்கிள் கிரீக். மலைகள் சூழ்ந்த இடத்தில் ஒரு பெரிய சிமெண்டுத் தளமும், சில விளக்கப் பலகைகளும், நிழலில் படுத்திருக்கும் கங்காருக்களுமே இன்று அங்கே உள்ளவை.

ஆனால் 1969 ஜூலை 21-ஆம் தேதி, கான்பரா நேரப்படி பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பு, நீல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் முதல் அடி வைத்த காட்சி இந்த இடத்தில் நின்ற 26 மீட்டர் விட்டமுள்ள வானலைத் தட்டின் வழியாகத்தான் உலகத்துக்குச் சென்றது. பார்க்ஸ் என்ற ஊரிலுள்ள பெரிய தட்டே அதைத் தந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பார்க்ஸின் படம் சில நிமிடங்கள் கழித்தே எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்குப் பின் கடைசி வரையில் அதுவே ஓடியது. முதல் அடிக்கு உரிய பெருமை ஹனிசக்கிள் கிரீக்கையே சேரும்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆவி நடப்பதுபோல மங்கலாக இருக்கும். காரணம் உண்டு. சந்திரனிலிருந்து அனுப்பக்கூடிய செய்தியின் அளவு அப்போது மிகக் குறைவு. ஆகையால் படத்தை 320 வரிகளாக்கி, வினாடிக்குப் பத்துப் படம் வீதம் அனுப்பினார்கள். சாதாரணத் தொலைக்காட்சிக்கு ஏற்றவாறு அதைப் பூமியில் மாற்றினார்கள். குழாய் சிறியதானால் தண்ணீரும் சிறிதுதானே வரும்?

இந்த நிலையம் 1967-ல் திறக்கப்பட்டு 1981-ல் மூடப்பட்டது. தட்டைக் கழற்றி, அருகிலுள்ள டிட்பின்பில்லா நிலையத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்; அங்கே அது 2009 வரையில் உழைத்து ஓய்வு பெற்றது. பிற்பகல் நாம் டிட்பின்பில்லாவுக்கும் சென்றோம். 1965 முதல் இயங்கும் இந்த நிலையத்தில் 70 மீட்டர் விட்டமுள்ள தட்டு ஒன்று நிற்கிறது. அதன் முன் நின்றால் மனிதன் எறும்பு. வாயேஜர் 2 என்ற விண்கலத்துக்குக் கட்டளை அனுப்ப வல்லது உலகிலேயே இது ஒன்றுதான். கட்டணம் கிடையாது. பார்வையாளர் கைத்தொலைபேசியை அணைத்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. வானத்தின் முணுமுணுப்பைக் கேட்க உட்கார்ந்திருக்கும் காதுக்கு நம் பேச்சு இரைச்சல்.

அப்பொழுதுதான் ஒன்று நமக்கு விளங்கிற்று. இந்த இரு நிலையங்களையும் ஏன் பள்ளத்தாக்கில் வைத்தார்கள்? நகரத்தின் வானொலி இரைச்சல் எட்டாதபடி மலைகள் மறைத்துக் காப்பதற்காக. வானலை மேகத்துக்கு அஞ்சுவதில்லை. மனிதர்களின் இரைச்சலுக்கே அஞ்சுகிறது. ஆகவே அது பள்ளத்தில் ஒளிந்துகொள்கிறது. ஒளியின் கதை இதற்கு நேர்மாறானது.

குன்றின் மேல்

ஜனவரி 18-ஆம் தேதி, அடுத்த சனிக்கிழமை, நகரின் மேற்கே உள்ள ஸ்டிரோம்லோ குன்றுக்குச் சென்றோம். உயரம் 770 மீட்டர் அளவே. 1924-ல் சூரியனை ஆராய்வதற்கென்று இங்கே ஒரு வான ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. நம் கோடைக்கானலில் 1899-ல் தொடங்கிய நிலையத்தைப் போன்றதே என்று தாயாருக்குச் சொன்னோம். அவருக்குக் கோடைக்கானல் தெரியும். ஆகையால் இந்த இடமும் உடனே சொந்தமாகிவிட்டது.

குன்றின் மேல் முதலில் கண்ணில் படுவது இடிபாடு. கூரையற்ற வட்டச் சுவர் ஒன்று வெயிலில் நிற்கிறது. 2003-ஆம் ஆண்டு, நாம் சென்ற அதே ஜனவரி 18-ஆம் தேதி, காட்டுத்தீ இக்குன்றின் மேல் ஏறிற்று. தொலைநோக்கிகளும் பட்டறையும் நூல்நிலையமும் எரிந்தன. 1868-ல் செய்யப்பட்ட மெல்பர்ன் பெருந்தொலைநோக்கியும் அதில் அடங்கும். அன்று நகரில் நால்வர் உயிரிழந்தனர். ஏறக்குறைய 500 வீடுகள் அழிந்தன. ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி தொலைநோக்கிக்கென்று செய்து முடித்து, அனுப்பும் தறுவாயிலிருந்த நுண்கருவி ஒன்றும் சாம்பலாயிற்று. அவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. அதே கருவியை மறுபடி செய்து, 2005-ல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதை மைத்துனர் சொல்லக் கேட்டு, எரிந்த சுவரைத் தாயார் கையால் தொட்டுப் பார்த்தார்.

இடிபாட்டுக்கு அப்பால் புதிய கட்டிடங்கள் இருக்கின்றன. அவற்றினிடையே வெண்ணிறக் கவிகை ஒன்று. பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை. நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி இதைவிடப் பெரியது. உள்ளே 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி இருக்கிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்கு உரியது. டிட்பின்பில்லாத் தட்டின் விட்டத்தில் நூறில் ஒரு பங்கு! ஆயினும், சந்திரனைச் சுற்றிவரும் மனிதர்களின் லேசர் ஒளியைப் பெறுவதற்கு ஏற்பாடான இடங்களில் இதுவும் ஒன்று. உள்ளே செல்ல நமக்கு அனுமதி இல்லை. வேலிக்கு இப்புறம் நின்றே பார்த்தோம்.

ஒளி வரும் வழி

அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் இரண்டாம் பயணத்துக்கென்று 2023 ஏப்ரலில் நால்வரைத் தேர்ந்தெடுத்தார்கள்: ரீட் வைஸ்மன், விக்டர் குளோவர், கிறிஸ்டினா கோக், கனடியரான ஜெரமி ஹான்சன். நாம் குன்றில் நின்ற அந்நாளில் அவர்கள் இன்னும் புறப்படவில்லை. அவர்களுக்கான ஓரியன் கலத்தில் சுமார் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு தொலைநோக்கி ஒன்றை அமைத்தார்கள். அதன் வழியே லேசர் ஒளியால் வினாடிக்கு 260 மெகாபிட் வரையில் பூமிக்கு அனுப்பலாம். ஹனிசக்கிள் கிரீக்கில் வந்த மங்கல் படம் எங்கே, மயிர்க்காலும் தெரியும் இந்தப் படம் எங்கே!

இவ்வளவு செய்தி எவ்வாறு கொள்ளுகிறது? வானலை அகன்று பரவும். சந்திரனிலிருந்து புறப்பட்டால் பூமி முழுவதையும் நனைத்து, மிச்சம் வெளியிலும் சிந்தும். லேசர் ஒளியோ அத்தனை தூரம், ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர், வந்த பின்பும் ஆறு கிலோமீட்டர் அகலத்துக்கே விரிகிறது. ஜான்சி நகரத்தின் மேல் மட்டும் பெய்து, அடுத்த நிலையத்தில் தூறலும் விழாத மழையைப் போல. சிந்தாமல் வருவதால் சிறிய பாத்திரமே போதும். ஆனால் குறி தப்பினால் ஒரு துளியும் கிட்டாது.

குறி தப்பாமலிருக்க ஒரு வழி செய்திருக்கிறார்கள். 2013-ல், ஆள் இல்லாத லாடி என்ற கலம் சந்திரனைச் சுற்றியபோது, நியூ மெக்சிகோவிலுள்ள ஒயிட் சாண்ட்ஸ் நிலையத்திலிருந்து முதலில் பூமியே ஒரு ஒளியை மேலே அனுப்பியது. அதைக் கண்டு, அதையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டு, கலம் தன் ஒளியைத் திருப்பி அனுப்பிற்று. இதைப் படித்தபோது நமக்கு லைன் கிளியர் நினைவுக்கு வந்தது. அடுத்த நிலையம் ‘வரலாம்’ என்று சொல்லாமல் எந்த வண்டியையும் நாம் விடுவதில்லை அல்லவா? பெறுகிறவன் முதலில் விளக்கைக் காட்ட வேண்டும். பிறகே கொடுப்பவன் கொடுப்பான். அன்று அந்நிலையத்தில் மேலே ஒளி அனுப்ப நான்கு சிறு தொலைநோக்கிகளும், கீழே வரும் ஒளியைப் பெற 40 சென்டிமீட்டர் அகலமுள்ள நான்கு தொலைநோக்கிகளும் ஒரே பீடத்தில் நின்றன. வினாடிக்கு 622 மெகாபிட் வந்து சேர்ந்தது.

வரும் ஒளி மிகச் சொற்பம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதன் துகள்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இதற்கென்று மயிரிழையிலும் மெல்லிய கம்பிகளைச் செய்து, பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 270 டிகிரிக் குளிரில் வைத்தார்கள். அக்குளிரில் மின்சாரம் தடையின்றி ஓடும். ஓர் ஒளித்துகள் விழுந்தாலும் கம்பி சற்றே சூடாகி, அந்த ஓட்டம் கணநேரம் தடைப்படும். அந்தத் தடையே செய்தி. எத்தனை முறை ஒளி வந்தது என்பதைக் காட்டிலும், எந்தக் கணத்தில் வந்தது என்பதிலேயே பொருள் அடங்கியிருக்கிறது. நம் பிளாக் கருவியில் மணியை இத்தனை முறை அடித்தால் இன்ன பொருள் என்று வைத்திருக்கிறோம். இவர்களோ ஒரு நொடித்துளியைப் பதினாறு அறைகளாக்கி, ஒளி எந்த அறையில் விழுந்தது என்று பார்த்துப் பொருள் கொள்கிறார்கள்.

மனிதர் வாழும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இம்முறையைச் சோதித்தார்கள். 2023 டிசம்பரில் அங்கிருந்து லேசர் ஒளி மேலே உள்ள வேறொரு துணைக்கோளுக்குச் சென்று, அங்கிருந்து கலிபோர்னியாவின் டேபிள் மலைக்கும் ஹவாயின் ஹாலியாகலா மலைக்கும் இறங்கியது. வினாடிக்கு 1.2 கிகாபிட். மறு திசையில் விண்வெளி வீரர்களின் வளர்ப்பு நாய், பூனைகளின் படங்களும் மேலே போயினவாம். இதைக் கேட்ட பேத்தி முதன்முறையாக நம் பக்கம் திரும்பினாள்.

மேகம் என்னும் கேட்

ஒளி ஏன் குன்றில் ஏறுகிறது என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். அதன் பகைவன் காற்றும் மேகமும். நட்சத்திரம் மினுக்குவது நமக்கு அழகு. ஒளியைப் பெறுகிறவனுக்கு அது தலைவலி. காற்றின் அசைவால் கற்றை சிதறுகிறது. கண்ணாடியை வினாடிக்குப் பல நூறு முறை நெளித்து அதைச் சரிசெய்யும் வித்தையில் ஸ்டிரோம்லோ நிபுணர்கள் கைதேர்ந்தவர்கள். மேகம் கவிந்துவிட்டாலோ எந்த வித்தையும் பலிக்காது. ஒளிக்கு வெடி வைக்கும் வழி இல்லை.

ஆகவே ஒரே நிலையத்தை நம்பாமல் பல இடங்களில் வைக்கிறார்கள். ஓரியனுக்கென்று நியூ மெக்சிகோவும் டேபிள் மலையும் முக்கிய நிலையங்கள். ஸ்டிரோம்லோ தென்பாதி உலகில் துணை நின்றது. குமாஸ்தாவுக்கு உரிய கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்ப்போம். ஓர் இடத்தில் மூன்றில் ஒரு நாள் மேகம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடங்கள் இருந்தால், இரண்டிலும் ஒருங்கே மேகம் கவிவது ஒன்பதில் ஒரு நாள். மூன்று இடங்கள் இருந்தால் இருபத்தேழில் ஒரு நாள். அன்றியும் பூமி சுழல்கிறது. அமெரிக்காவுக்குச் சந்திரன் மறையும்போது ஆஸ்திரேலியாவுக்கு அது தெரியும். கண்கள் பல இருந்தால் ஒன்றாவது திறந்திருக்கும். வானலையையும் அவர்கள் கைவிட்டுவிடவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட செய்திக்குப் பழைய வழி எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது.

இதையெல்லாம் தாயாருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். அவர் வெகு நேரம் அந்த வெண்ணிறக் கவிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“மேலே போகிறவர்களுக்குப் பிள்ளைகள் உண்டா, ஐயா?”

“உண்டு, அம்மா.”

“அப்படியானால் அந்தப் பிள்ளைகள் அப்பன் முகத்தைப் பார்க்கலாம். படம் நடுவே நிற்காது, இல்லையா?”

நமக்கு உடனே பதில் வரவில்லை. தங்கை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள்: “மேகம் வந்தால் நிற்கும், அம்மா. வேறொரு மலையில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நிற்காது.” ஐந்து ஆண்டுகளாக எடுக்காத பேச்சை அன்று அவ்வளவோடு பேசி முடித்தோம். தாயார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குன்றிலிருந்து இறங்கும் வரையில் விடவில்லை.

வெள்ளி

அந்நாட்டில் கோடையில் எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. வீட்டின் பின்புறப் புல்தரையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மேற்கே வானம் செம்மை மாறாமல் இருந்தது. அதில் ஒற்றைச் சுடராக ஒன்று தோன்றியது. பேத்தி எழுந்து நின்று, விரலை நீட்டி, “ஆச்சி, வெள்ளி!” என்றாள்.

யாரும் கேட்காமலே வந்த சொல். பத்து நாளும் தாயார் வாசற்படியில் உட்கார்ந்து சொன்ன சொற்கள் எங்கேயோ போய் விழுந்துகொண்டுதான் இருந்தன என்பது அப்போது தெரிந்தது. தாயார் ஆரவாரம் செய்யவில்லை. “ஆமாம், வெள்ளிதான்” என்று மட்டும் சொன்னார். குழந்தை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தந்தையார் இருந்திருந்தால் தண்டவாளத்தில் தூரம் நடந்துபோய் நின்று, ‘தெரிகிறது’ என்று தலையசைத்திருப்பார்.

நாம் தனியே திரும்பினோம். தாயார் மூன்று மாதம் அங்கே தங்கினார். டில்லியிலிருந்து ஜான்சிக்கு வரும் வண்டி, வழக்கம்போல், ஐந்து மணி தாமதம். மறுநாள் முதல் புத்தகத்தில் மற்ற வண்டிகளின் தாமதத்தை எழுதத் தொடங்கினோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு ஒரு பிள்ளை ஓர் ஊரில், பெற்றோர் வேறோர் ஊரில். கருவிகள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் பெறுகிற இடத்தில் ஒருவர் விளக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற விதி சந்திரனுக்குச் சென்றவர்க்கும் மாறவில்லை. சாத்தூரில் இருப்பவர்க்கும் மாறாது. ஆகையால் நம் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் காலை ஏழு மணி. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேச விஷயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த நேரத்தில் தொலைபேசிக்கு முன்னால் இருப்பது. வசதியுள்ள அன்பர்கள் தங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

முதல் ஞாயிறு வெளியே பனி மூடியிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மணி ஏழுக்குத் தொலைபேசி அடித்தது. “மாமா, அங்கே பனியா?” என்று ஒரு சிறு குரல் தமிழில் கேட்டது.

“பனிதான், அம்மா. ஆனால் நீ பேசுவது நன்றாகக் கேட்கிறது” என்றோம்.